சொந்த அம்மா எழுதிக்கொள்வது

கர்த்தருக்குள் மிகுந்த மரியாதைக்குரிய போதகர் ஐயா அவர்களுக்கு,

உங்கள் சபைப் பாட்டுக்குழுவில் முன்வரிசையில் நிற்கிற, போன மாதம் பெண் குழந்தை பெற்ற சகோதரியின் தாயார் தாழ்மையுடன் எழுதிக்கொள்வது. தாங்களும் தங்கள் வீட்டம்மாவும் பூரண சுகத்தோடிருக்க ஜெபிக்கிறேன் என்று தொடங்கத்தான் நினைத்தேன். ஆனால் நேற்றுதான் இருவரும் வந்து, குழந்தைக்கு ஜெபம் பண்ணி, தட்டிலிருந்த பிஸ்கட்டையும் காலி பண்ணிவிட்டுப் போனீர்கள். சுகமாகத்தான் இருக்கிறீர்கள். ஆகவே நேரே விஷயத்துக்கு வந்துவிடுகிறேன். என் மகளை எனக்குத் திருப்பித் தர வேண்டும்.

நான் பெண்கள் பள்ளியில் தையல் டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள். எதற்கெடுத்தாலும் மூக்கைச் சிந்துகிற ரகமில்லை. பேத்தி பிறந்த சமயம் பார்த்து எனக்குக் கண் ஆபரேஷன் ஆகி, பயணமே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். டாக்டர் கண்ணசந்ததும் ரயிலேறிவிட்டேன். ஸ்டேஷனில் மருமகன் நிற்பார் என்று பார்த்தால், தலை முழுக்க நரைத்த ஒரு மனிதர் ஓடி வந்து என் பெட்டியைப் பிடுங்கினார். திருடன் என்று நினைத்துக் குடையால் ஒரு போடு போட்டேன். "அடிக்காதீங்கம்மா! நான் சபையில இருந்து வர்றேன். உங்களுக்கு மகன் மாதிரி!" என்றார். என்னைவிட இரண்டு வயதாவது கூடிய மகன்! பூட்டு ரிப்பேர் பண்ணுகிறவராம், சபையில் எல்லாருக்கும் சாவி மாமாவாம். வீட்டு வாசலில் நான் மணியடிக்கக் கை நீட்டினேன். "வேண்டாம்மா, பாப்பா முழிச்சுக்கும்" என்று தன் சட்டைப் பையிலிருந்து சாவியை எடுத்துக் கதவைத் திறந்தார். என் மகள் வீட்டுச் சாவி, ஐயா! பெற்றவளிடம் இல்லை, அவரிடம் இருக்கிறது.

உள்ளே போனால் அடுப்படியில் இரண்டு பேர், துணி மடிக்க ஒருத்தி, தொட்டில் பக்கத்தில் ஒருத்தி. அந்தக் கடைசி ஆள்தான் என் புகாரின் மையப் புள்ளி. நர்ஸாக இருந்து ஓய்வு பெற்ற அம்மாள். என் வயதுதான் இருக்கும், ஆனால் ஐந்து வயது குறைவாகத் தெரிகிறார். அதுவும் எனக்குப் பிடிக்கவில்லை. அவர் என்னைக் கையைப் பிடித்து அழைத்துப்போய் நாற்காலியில் உட்காரவைத்து, மற்றவர்களிடம், "நம்ம பொண்ணோட சொந்த அம்மா வந்திருக்காங்க" என்றார். சொந்த அம்மாவாம்! அப்படியென்றால் மற்ற அம்மாக்கள் எத்தனை பேர் என்று எனக்குத் தெரிய வேண்டாமா? என்னமோ தூரத்து உறவில் ஒருத்தி துக்கம் விசாரிக்க வந்த மாதிரி, எல்லாரும் வரிசையாக வந்து என்னிடம் சுகம் விசாரித்தார்கள்.

பெட்டியைத் திறந்தேன். ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டு நான் தைத்த சட்டைகள், தையல் உள்ளே தெரியாமல், குழந்தையின் தோலில் உறுத்தாமல், ஒவ்வொன்றும் ஒரு பூ மாதிரி இருக்கும். வைக்க இடமில்லை, ஐயா. அலமாரி முழுக்க உங்கள் சபைச் சகோதரிகள் தைத்த சட்டைகள். ஒன்றை எடுத்துப் பார்த்தேன். கழுத்து ஒரு பக்கமாக இழுக்கிறது, ஓரத்தையல் பாம்பு போன தடம் மாதிரி போகிறது. என் வகுப்பில் இதைத் தைத்திருந்தால் பிரித்துவிட்டு மறுபடி தை என்று சொல்லியிருப்பேன். மகளோ, "அதைக் குடுங்கம்மா, பாப்பாவுக்கு அதுதான் ராசி" என்று அந்தக் கோணல் சட்டையைத்தான் வாங்கிப் போட்டாள்.

இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொண்டேன். மறுநாள் காலையில் நடந்ததைத்தான் என்னால் ஜீரணிக்க முடியவில்லை. நான் பால்புட்டியைக் கழுவிக்கொண்டிருந்தேன். உள்ளறையிலிருந்து என் மகள், "அம்மா!" என்று கூப்பிட்டாள். அந்தக் குரலுக்கு முப்பது வருஷமாக ஓடிப் பழகிய கால் இது. ஈரக் கையோடு ஓடினேன். பால்கனியிலிருந்து நர்ஸம்மாவும் ஓடி வந்தார். வாசற்படியில் இரண்டு பேரும் முட்டிக்கொண்டோம். மகள் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, ரொம்பச் சாதாரணமாக, "நீங்க இல்லம்மா, அவங்க" என்றாள்.

அவங்க!

அடுப்படிக்குத் திரும்பி, சுத்தமான புட்டியையே திரும்பத் திரும்பக் கழுவிக்கொண்டிருந்தேன். குழந்தையைக் குளிப்பாட்டும் நேரம் வந்ததும் வாய் சும்மா இருக்கவில்லை. "பெத்தவ நான் இருக்கேன், என் பேத்தியை நான் குளிப்பாட்டிக்கிறேன்" என்று கொஞ்சம் சத்தமாகவே சொல்லிவிட்டேன். நர்ஸம்மா சண்டைக்கு வருவார் என்று இடுப்பில் சேலையைச் சொருகிக்கொண்டு நின்றேன். அவரோ, "தாராளமா" என்று சிரித்துக்கொண்டே பிள்ளையை என் கையில் கொடுத்துவிட்டார். சோப்பு வழுக்குகிறது, பிள்ளை வழுக்குகிறது, எனக்குச் சரியாகக் கண்ணும் தெரியவில்லை, பிள்ளை கத்துகிற கத்தலில் எதிர்வீட்டார் எட்டிப் பார்க்கிறார்கள். கடைசியில் நர்ஸம்மா பின்னாலிருந்து என் கைக்குக் கீழே தன் கையைக் கொடுத்து, "கழுத்தைத் தாங்கிக்கங்க, அவ்வளவுதான்" என்று மெதுவாகச் சொன்னார். கத்தல் நின்றது. எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவே இல்லை. திட்டியிருந்தாலாவது மனசு ஆறியிருக்கும்.

சாயங்காலம் மகளிடம் கேட்டேவிட்டேன். "அவங்க உனக்கு அம்மான்னா நான் யாரு?"

"நீங்க அம்மாதான். அவங்களும் அம்மாதான். நான் இந்த ஊருக்கு வந்த புதுசுல காய்ச்சல்ல கிடந்தேன். ஞாயித்துக்கிழமை பாட்டுல ஒரு குரல் குறையுதுன்னு கதவைத் தட்டினது அவங்கதான்."

"எனக்கு ஏன் சொல்லலை?"

"சொன்னா நீங்க அங்கேருந்து அழுவீங்க. உங்களையும் சேர்த்து நான் தேத்தணும்."

நானும் எங்கள் ஊரில் ஞாயிறு தவறாமல் கோயிலுக்குப் போகிறவள்தான், ஐயா. பெரிய கோயில், உயரமான கோபுரம். அங்கே இத்தனை வருஷமாக என் பக்கத்தில் உட்காருகிற அம்மாளின் பெயர் எனக்குத் தெரியாது. நான் ஆபரேஷனுக்குப் போய் மூன்று வாரம் வராமல் இருந்தேன். திரும்பி வந்தபோது அவர் என் இடத்தில் தன் கைப்பையை வைத்திருந்தார்.

ஆகையால், போதகர் ஐயா, சபை ஒரு குடும்பம் என்று நீங்கள் பிரசங்கம் பண்ணுவதில் எனக்கு ஆட்சேபணை இல்லை. ஆனால் எதற்கும் ஒரு வரைமுறை வேண்டாமா? அக்கா என்று கூப்பிடட்டும், அத்தை, சித்தி என்று கூப்பிடட்டும், பாட்டி என்றுகூடக் கூப்பிட்டுக்கொள்ளட்டும். அம்மா என்கிற ஒரு சொல்லை மட்டும் பெற்றவளுக்கு விட்டுவைக்கும்படி வருகிற ஞாயிறு பீடத்திலிருந்தே அறிவித்துவிட வேண்டும். நான் ஊர் திரும்பும் வரைக்கும் நர்ஸம்மாவை எங்காவது தூரத்து ஊருக்கு ஊழியத்துக்கு அனுப்ப முடிந்தால் இன்னும் நல்லது. கடல் தாண்டியிருந்தால் ரொம்ப நல்லது. அவர் பேரில் எனக்கு எந்த வருத்தமும் இல்லை.

உங்கள் வீட்டிலும் சபையிலும் சமாதானம் பெருக வேண்டிக்கொண்டு, சமாதானம் இல்லாமல் முடிக்கிறேன்.

இப்படிக்கு,
சொந்த அம்மா

பின்குறிப்பு: இதைத் தபாலில் சேர்க்கக் கிளம்பும்போது சாவி மாமா மூச்சிரைக்க வந்தார். உங்கள் சபையில் சலூன் வைத்திருக்கிற தம்பியின் மனைவிக்கு குறித்த நாளுக்கு முன்னாலேயே பிரசவமாகிவிட்டதாம், உதவிக்கு ஆளில்லையாம், நர்ஸம்மாவும் வேறு வீட்டில் இருக்கிறாராம். "நீங்க வர முடியுமாம்மா?" என்றார். போய் ஒரு வாரமாகிறது. அந்தப் பெண் எல்லாவற்றுக்கும் என்னைத்தான் தேடுகிறாள். பையன் என் கையில் இருந்தால்தான் தூங்குகிறான். ரயில் டிக்கெட்டை மருமகனிடம் சொல்லி ரத்து பண்ணிவிட்டேன். மேலே உள்ளதைக் கிழித்துப்போடத்தான் நினைத்தேன், ஆனால் இப்போது உங்களிடம் அவசரமாக ஒன்று சொல்ல வேண்டியிருக்கிறது. அந்தப் பெண்ணின் தாயார் இன்று காலை வந்து சேர்ந்தார். வந்ததிலிருந்து என்னை ஒரு மாதிரியாகப் பார்க்கிறார். மத்தியானம் என்னிடம், "போதகர் விலாசம் என்ன?" என்று கேட்டார். அவரிடமிருந்து கடிதம் ஏதும் வந்தால் தயவுசெய்து பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். வெறும் பொறாமை, ஐயா. பெற்றவள் என்கிற ஒரே காரணத்துக்காக இப்படி உரிமை கொண்டாடுவது நம்முடைய சபைக்கு நல்லதில்லை.