பயத்துக்கு ருசு கேட்ட கதை

கல்யாணமான புதிதில் என் வீட்டுக்காரரை நான் தினமும் ஒரு தடவையாவது மனதுக்குள் கொன்றுவிடுவேன். கோபத்தில் அல்ல, பயத்தில். ஷிஃப்ட் பஸ் கொஞ்சம் பிந்தினால் போதும். சுரங்கத்தில் மண் சரிந்து உள்ளே போயிருப்பார், அல்லது மண் வெட்டுகிற அந்த ராட்சச இயந்திரத்தில் வேட்டி மாட்டியிருக்கும். (அவர் சுரங்கத்துக்கு வேட்டி கட்டிக்கொண்டு போனதே இல்லை. பயத்துக்கு அதெல்லாம் தெரியுமா?) பஸ் தெருமுனையில் திரும்புவதற்குள் நான் கோவில்பட்டியில் அம்மா வீட்டோடு போய்ச் சேர்ந்து, தையல் மிஷின் வைத்துப் பிழைக்கத் தொடங்கியிருப்பேன். அவர் சாப்பாட்டுத் தூக்கை ஆட்டிக்கொண்டு உள்ளே வந்து, இன்றைக்கு என்ன குழம்பு என்று கேட்பார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அறுபதுகளின் நடுப்பகுதி அது. நெய்வேலியில் அப்போது குவார்ட்டர்ஸும் புதிது, ரோட்டோர மரக்கன்றும் புதிது, பக்கத்து வீட்டுக்காரியும் புதிது. ஆளுக்கொரு ஜில்லாவிலிருந்து வந்திருந்தோம். வம்பு பேசுவதற்குக்கூட ஒருவரையொருவர் சரியாகத் தெரியாது. அந்தக் குறையை நான்தான் தீர்த்து வைத்தேன்.

ஒருநாள் பஸ் ரொம்பவே பிந்திவிட்டது. தலைக்குக் குளித்த ஈரத்தோடு பஸ் நிறுத்தத்துக்கு ஓடி, அங்கேயே உட்கார்ந்து அழ ஆரம்பித்தேன். நான் அழுவதைப் பார்த்து எதிர் வீட்டு தனமும் அழுதாள். கோயமுத்தூர்க்காரி, இளகிய மனசு. அவளைப் பார்த்து இன்னும் சில பெண்கள். பஸ் வந்தது. இறங்கியவர்கள் எல்லாம் ஏதோ சாவு என்று நினைத்து வாய் பேசாமல் ஒதுங்கி நின்றார்கள். கடைசியாக இறங்கிய என் வீட்டுக்காரர் கையில் வேர்க்கடலைப் பொட்டலத்தோடு கூட்டத்துக்குள் வந்து, துக்கமான குரலில், "யாருங்க போயிட்டாங்க?" என்று கேட்டார்.

அதற்குப் பிறகு அவர் என்னோடு எங்கேயும் வருவதில்லை என்று வைத்துக்கொண்டார். அந்தச் சமயத்தில்தான் தங்கராஜ் அண்ணன் வந்து சேர்ந்தார்.

தங்கராஜ் என் பெரியப்பா மகன். லண்டனில் மனநோய் வைத்தியம் படித்துவிட்டு, சென்னையில் வேலைக்குச் சேருமுன் கொஞ்ச நாள் ஓய்வெடுக்க எங்கள் வீட்டுக்கு வந்திருந்தார். ஓய்வு என்றால், வராந்தாவில் சாய்வு நாற்காலியைப் போட்டுக்கொண்டு என்னைக் கவனிப்பது. அவர் சொன்ன வைத்தியத்தில் மாத்திரை இல்லை, மருந்து இல்லை. மேல்நாட்டில் சிலர் புதிதாகச் செய்து பார்க்கிறார்களாம். மனிதனைப் பாடாய்ப் படுத்துவது நடக்கிற காரியம் அல்ல, அதைப் பற்றி அவன் நினைக்கிற நினைப்பு. அந்த நினைப்பைப் பிடித்து நிறுத்தி, நீ சொல்வதற்கு ருசு என்ன என்று கேட்க வேண்டும். வேறு எப்படியெல்லாம் இருக்கலாம் என்றும் யோசிக்க வேண்டும். முக்கியமாக, பஸ் நிறுத்தத்துக்கு ஓடக் கூடாது. ஓடாமல் உட்கார்ந்திருந்தால் பயம் தானாக ஏறித் தானாக இறங்கும் என்றார்.

ருசு என்றால் அத்தாட்சி. பெரியப்பா கோர்ட்டு குமாஸ்தா. அதனால் எங்கள் குடும்பத்தில் குழம்புக்கு உப்பு போட்டாயிற்றா என்பதற்குக்கூட ருசு கேட்பார்கள்.

முதலில் எரிச்சலாக இருந்தது. சாயங்காலம் ஷிஃப்ட் முடிகிற சைரன் ஊதும், நான் அடுப்பை விட்டு வாசலுக்கு வருவேன். அண்ணன் பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமலே, "இப்ப என்ன நெனச்ச, விசாலம்?" என்பார். மண் சரிஞ்சிருக்கும்னு நெனச்சேன் என்பேன். ருசு? இல்லை. வேறு என்னவாக இருக்கலாம்? பஸ் டயர் பஞ்சராகியிருக்கலாம், கான்டீனில் பேசிக்கொண்டு நிற்கலாம். இப்படியே தினமும். அடுப்பில் பால் பொங்கினாலும் விடமாட்டார்.

ஆனால் பழக்கம் வந்துவிட்டது. பஸ் பிந்தினாலும் நான் உட்கார்ந்து வெங்காயம் உரித்தேன். தனம் வந்து அதிசயம் போலப் பார்த்துவிட்டுப் போனாள். எனக்குத் தலைகால் புரியவில்லை. ஒருநாள் அவளுக்கு, முந்தின ராத்திரி வீட்டுக்காரர் சரியாகப் பேசவில்லை என்று வருத்தம். நான் அவளிடமும் ருசு கேட்டேன். (அரைகுறையாகக் கற்றவள் ஊருக்கு வைத்தியம் பார்த்தால் எப்படி இருக்கும்? அப்படித்தான் இருந்தது.)

ஒரு சனிக்கிழமை மழை பெய்து ஓய்ந்திருந்தது. ஷிஃப்ட் பஸ் வந்து போயிற்று, என் வீட்டுக்காரர் வரவில்லை. நான் அசையவில்லை. அண்ணன் பெருமையோடு தலையாட்டினார். அப்போது கலியன் வேகமாக சைக்கிளில் வந்து இறங்கினான். குறிஞ்சிப்பாடிப் பக்கத்து ஆள், என் வீட்டுக்காரரின் செக்‌ஷனில் கான்ட்ராக்ட்டில் வேலை செய்தவன்.

"யம்மா, சாரு சைக்கிள்லேர்ந்து வுழுந்துட்டாரும்மா. கால்ல அடி. ஆசுபத்திரிக்கு இட்டுகினு பூட்டாங்க. உங்கள இட்டாரச் சொன்னாரு."

பழைய விசாலமாக இருந்தால் அங்கேயே சுருண்டு விழுந்திருப்பாள். புது விசாலம் மூச்சை இழுத்து விட்டாள். விழுந்ததைக் கண்ணால் பார்த்தீர்களா என்று கேட்டேன். அவன் பார்க்கவில்லை, ஆஸ்பத்திரி வாசலில் நின்றுகொண்டிருந்தபோது சொல்லி அனுப்பினார்களாம். அண்ணன் நாற்காலியிலிருந்து, "கேள்விப்பட்டது, பாத்தது இல்ல" என்று எடுத்துக் கொடுத்தார். எனக்கு உற்சாகம் வந்துவிட்டது. எங்களுக்கு சைக்கிளே கிடையாது, அவர் எப்போதும் பஸ்ஸில்தான் வருவார், அதே பெயரில் அங்கே வேறு ஆள் இருக்கலாம் அல்லவா என்று வரிசையாகக் கேட்டேன். கலியன் என்னையும் அண்ணனையும் மாறி மாறிப் பார்த்தான். பாவம், பதட்டப்படுகிறான் என்று நினைத்து, உட்காருங்கள், காபி கலக்கிறேன் என்றேன்.

"நான் காபிக்கு வர்லம்மா," என்றான் அவன்.

இருந்தாலும் குடித்தான். குடித்துவிட்டு, திரும்பத் திரும்பப் பார்த்தபடியே போனான். சரியாகச் செய்தாய் என்று அண்ணன் என்னைப் பாராட்டினார்.

கொஞ்ச நேரத்தில், மார்க்கெட்டுக்குப் போயிருந்த தனம் ஓடி வந்தாள். கூடையில் காய் பாதி இல்லை. நான் வாயைத் திறக்குமுன்னே அவள், "ஆஸ்பத்திரியில கண்ணால பாத்தேனுங்க அக்கா. கால் வீங்கிப் படுத்திருக்காருங்க. உங்களைத்தான் கேக்கறாருங்க" என்றாள்.

நான் ஓடினேன். எந்தக் காலில் எந்தச் செருப்பு என்று தெரியாமல் ஓடினேன். பின்னாலிருந்து அண்ணன், "மொதல்ல என்ன நெனச்சன்னு யோசி" என்று கத்தினார். திரும்பி வந்து அவரை ஏதாவது செய்திருப்பேன், நேரமில்லை.

ஆஸ்பத்திரியில் கட்டிலில் கணுக்காலுக்கு மாவுக்கட்டுப் போட்டுக்கொண்டிருந்தார்கள். பக்கத்தில் கலியன். நான் கேட்ட கேள்வி ஒன்றுவிடாமல் சொல்லி முடித்திருந்தான் என்பது கட்டுப் போடுகிறவர் முகத்திலேயே தெரிந்தது. நண்பரின் சைக்கிளில் பின்னால் உட்கார்ந்து கடைத்தெருவுக்குப் போனாராம். சேற்றில் சறுக்கிப் பள்ளத்தில் விழுந்தார்களாம். தலைமாட்டில் நசுங்கிப்போன அல்வாப் பொட்டலம். இப்போதெல்லாம் நான் பயப்படாமல் இருக்கிறேன் என்று சந்தோஷப்பட்டு எனக்காக வாங்கியது.

"செத்துக் கெடந்தாலும் சேதி சொல்ல வந்தவனுக்குக் காபி குடுத்து அனுப்பியிருப்ப, இல்ல?" என்றார்.

அவர் அதை விளையாட்டாகச் சொல்லவில்லை. எனக்கு அதுவரை அடக்கிவைத்த எரிச்சல் அத்தனையும் பொங்கிக்கொண்டு வந்தது.

"பயந்தா ஏன் பயந்தேன்னு கேக்குறீங்க. பயப்படலன்னா ஏன் பயப்படலன்னு கேக்குறீங்க. நான் எதைத்தாங்க செய்றது?"

வார்டு முழுக்கக் கேட்டது. பிறகு அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்தால் கால் வலித்தது, வலித்தாலும் நிறுத்த முடியவில்லை. நான் அழுதுகொண்டே அந்த அல்வாவைத் தின்றேன்.

அண்ணன் அடுத்த நாள் நிதானமாக விளக்கினார். ருசு கேட்க வேண்டியது தானாகக் கிளம்புகிற நினைப்பிடம்தானாம், தகவல் சொல்ல வருகிற மனிதரிடம் அல்லவாம். இதை முந்தின நாள் நாற்காலியில் உட்கார்ந்திருந்தபோது சொல்லியிருக்கலாம். மறுநாளே அவரை வடலூரில் பஸ் ஏற்றிவிட்டேன்.

இதில் பெரிய எரிச்சல் என்னவென்றால், வைத்தியம் பலித்துவிட்டது. நான் அத்தனை நாள் பயந்தது சின்ன அளவில் நடந்தே விட்டது. நானும் கஞ்சி வைத்துக் கொடுத்து, கட்டுப் பிரிக்கும்வரை சமாளித்தேன். அதற்குப் பிறகு சைரன் ஊதினால் மணி என்ன என்றுதான் தோன்றும். ஆனால் அண்ணன் உயிரோடு இருந்தவரை இதை அவரிடம் நான் ஒத்துக்கொள்ளவில்லை.

பிளாக்கில் எனக்கு ருசு அம்மா என்று பெயர் நிலைத்துவிட்டது. கீரை விற்க வருகிறவள்கூட, "ருசும்மா வூடு தாண்டி வந்துகினு இருக்கேன்" என்பாள். வருஷங்கள் கழித்து என் மகளைப் பெண் பார்க்க நெல்லிக்குப்பத்திலிருந்து வந்தவர்களுக்கும் அந்தப் பெயரைச் சொல்லித்தான் யாரோ வழி காட்டியிருக்கிறார்கள். அது என்ன பெயர் என்று சம்பந்தி கேட்க, என் வீட்டுக்காரர் இதற்காகவே காத்திருந்தவர் போல முழுக் கதையையும் சொன்னார். நான் உள்ளே கேசரி கிளறிக்கொண்டு பல்லைக் கடித்தேன். எல்லோரும் சிரித்து ஓய்ந்ததும் நிலைமையைச் சரிக்கட்டலாம் என்று வெளியே வந்து, மகள் நன்றாகப் பாடுவாள் என்றேன்.

மாப்பிள்ளைப் பையன் அதுவரை வாயே திறக்கவில்லை. "ருசு?" என்றான்.

என் மகளுக்குப் பாட வராது. ஆனாலும் பாடினாள். கல்யாணமும் நடந்தது. இன்றைக்கும் மருமகன் சாப்பிட வந்தால், சாம்பார் நன்றாக இருக்கிறது என்று தானே சொல்லிவிட்டு, யாரும் ருசு கேட்பதற்குமுன் இரண்டாம் முறை சோற்றை வாங்கிக்கொள்கிறார்.