ஓகே வந்த வழி

"சரி, வேற காட்டுங்க" என்றார் துணிக்கடைக்காரர்.

ஆங்கில வாத்தியாருக்கு வியர்த்துக் கொட்டியது. அவர் துணி காட்டவில்லை. பெண் கேட்டுக் கடைக்கு வந்திருந்தார். "எந்த இங்கிலீஷ் வார்த்தையா இருந்தாலும், அது எங்கேருந்து வந்துச்சுன்னு இவர் சொல்லிடுவார்ப்பா" என்று மகள் பெருமையடித்ததுதான் வினை. "அப்ப ஓகே எங்கேருந்து வந்துச்சு? சொல்லட்டும் பார்க்கலாம்" என்று அப்பா கால்மேல் கால் போட்டுவிட்டார்.

வாத்தியார் முதலில் உண்மையைத்தான் சொல்லியிருந்தார். "அந்தக் காலத்துப் பத்திரிகைக்காரங்க 'எல்லாம் சரி'ங்கற 'ஆல் கரெக்ட்'டை வேணும்னே ஓ-லயும் கே-லயும் ஆரம்பிச்சு தப்புத்தப்பா எழுதி விளையாடினாங்க, மாமா. அந்த ரெண்டு வார்த்தையோட முதல் எழுத்துங்கதான் ஓகே."

அதற்குத்தான் இந்த 'வேற காட்டுங்க.'

"வேற... ஒரு பிஸ்கட்காரர் பேரோட முதல் எழுத்துன்னும் சிலர் சொல்வாங்க."

"அப்ப முதல்ல சொன்னது சாயம் போயிடுச்சா?"

"இல்ல மாமா, அதுதான் நிஜம். இது சும்மா பேச்சு."

"சும்மா பேச்சை எதுக்கு என் முன்னாடி விரிக்கறீங்க? வேற."

கிரேக்க மொழியிலிருந்து வந்தது என்ற கதையை எடுத்துப் போட்டார். "வெளிநாட்டுச் சரக்கு. உள்ள வைங்க."

கையிருப்பு தீர்ந்தது. வாத்தியார் சொந்தமாகவே ஒன்றை நெய்தார். "ஒரு தளபதி 'ஓ...க்கே'ன்னு தும்மினாராம். உத்தரவுன்னு நினைச்சு மொத்தப் படையும் கிளம்பிடுச்சாம்."

தலையணை உறை வாங்க வந்த அம்மாள் கைதட்டினாள். கடைக்காரர் சிரிக்கவில்லை.

"ஒரு வார்த்தைக்கு நாலு கதை சொல்றவர், வீட்டுக்கு லேட்டா வந்தா எத்தனை சொல்வார்?"

"கதையை விடுங்க மாமா, அர்த்தத்தைப் பாருங்க. ஓகேன்னா சம்மதம்."

"என் கடையில ஓகேன்னா 'பிடிக்கல, அப்புறம் வரேன்'னு அர்த்தம். என் பொண்ணு ஓகேன்னா கதவை அறைஞ்சு சாத்தப்போறான்னு அர்த்தம்."

அது வாத்தியாருக்கும் தெரியும்.

"நீங்க நல்லவர்தான் தம்பி. ஆனா இவளுக்கு வந்த முதல் வரன் நீங்க. எங்க வீட்ல துணியோ மாப்பிள்ளையோ, முதல்ல காட்டினதை எடுக்கறதில்ல. என் சம்சாரம் போட்ட சட்டம். எங்க கல்யாணம் ஆன மறுவாரத்துலேருந்து நடக்குது."

மூலையில் துணி மடித்துக்கொண்டிருந்த சம்சாரம் நிமிரவில்லை.

வாத்தியார் எழுந்தார். செருப்பை மாட்டினார். இரண்டு படி இறங்கினார்.

"வாங்க, வாங்க! எங்க கிளம்பிட்டீங்க? பேசித் தீர்த்துக்கலாம்!"

கடைக்காரர் முப்பது வருடமாகப் படியிறங்கிய எவரையும் விட்டதில்லை. வாய் தானாகக் கூப்பிட்டுவிட்டது. திரும்பக் கூப்பிட்டவர் தோற்றவர் என்பது கடைவீதி முழுக்கச் செல்லுபடியாகும் சட்டம்.

"கூப்பிட்டுட்டீங்கப்பா" என்றாள் மகள், பில் போடும் மேசையிலிருந்து. "இனிமே அவர் சொல்றதுதான் விலை."

"ஓகே" என்று முனகினார் அப்பா.

"எந்த ஓகே?"

"சம்மதம்தான், போ!"

வாத்தியார் அத்தோடு வாயை மூடியிருக்கலாம். எதற்கும் மூலம் தேடுகிற புத்தி விடவில்லை.

"அத்தை, முதல்ல காட்டினதை எடுக்கக்கூடாதுங்கற இந்தச் சட்டம் எங்கேருந்து வந்துச்சு?"

அத்தை மடித்த துணியைக் கீழே வைத்தாள். கணவரை ஒருமுறை மேலும் கீழும் பார்த்தாள்.

"எனக்கு முதல்ல காட்டினது இவரைத்தான்."