கனம் பத்தாத கம்பி

வாசகரே, உலகத்தில் கனக்காரர் என்று ஓர் இனம் உண்டு. தலைக்கனம் பிடித்தவர்களைச் சொல்லவில்லை. எதை நீட்டினாலும் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்து நசுக்கிப் பார்த்து, "கனம் பத்தாதே!" என்று உதட்டைப் பிதுக்குகிறார்களே, அவர்களைச் சொல்கிறேன். வேட்டியா, தோசையா, வெற்றிலையா, கல்யாணப் பத்திரிகையா, எல்லாம் அந்த விரல்களிடம் பாஸாகியே தீரவேண்டும்.

ஆம்பூர் ராமலிங்கத்தை எடுத்துக்கொள்ளுங்கள். தோல் மண்டியில் தரம் பிரிப்பவர். தொட்டவுடனே தோலின் கனத்தைச் சொல்லிவிடுவார். மதராஸ் வியாபாரிகளும் மறுபேச்சுப் பேசமாட்டார்கள். அந்த விரல்கள் மண்டியோடு நின்றிருந்தால் யாருக்கு என்ன கஷ்டம்? ஆனால் வீட்டுக்குக் கரண்ட் வந்துவிட்டது.

மகள் சுந்தரியைப் பெண் பார்க்க முதலில் வந்தவர்கள், சித்திரைப் புழுக்கம் தாங்காமல் காப்பி வருவதற்குள் கிளம்பிப்போனார்கள். அடுத்து வரப்போகிற இடமும் தவறிவிட்டால் இனி யார் வருவார்கள் என்று ராமலிங்கம் பயந்தார். ஆகவே சிநேகிதர் அஹமது பாஷாவிடமிருந்து மேஜை விசிறி ஒன்றும் மின்சார அடுப்பு ஒன்றும் இரவல் வந்தன. நெருப்பே இல்லாமல் கூடத்தில் பால் பொங்குவதைப் பார்த்தால் எந்தச் சம்பந்திதான் எழுந்து போவார்?

காலையில் ஒத்திகை. அடுப்பைப் போட்டார்கள். பட்டென்று எல்லாம் அணைந்தது. ஒயர்மேன் மூர்த்தி வந்து பியூஸ் கட்டையைக் கழற்றினார்.

"இந்த லைனு ரெண்டு லைட்டு, ஒரு ஃபேனுக்குத்தாங்க போட்டது. அடுப்பு ஜாஸ்தி இழுக்கும். அதுக்குத் தடியான ஒயரா தனி லைனு போடணும்."

ராமலிங்கத்தின் விரல்கள் பியூஸ் கம்பியைத் தேடிப் போயின. "இன்னாப்பா இது, தலைமுடி மாதிரி? கனம் பத்தாதே!"

"அறுந்துபோகத்தாங்க அது மெலிசா இருக்குது. அது அறுந்தா வூடு தப்பிக்கும்."

அறுந்துபோவதற்கென்றே ஒரு சாமானா? இந்த ஆளுக்குத் தொழில் தெரியவில்லை என்று ராமலிங்கம் தீர்மானித்தார். மூர்த்தி தெருமுனை திரும்பியதும், மண்டியில் தோல் கட்டுகளை இறுக்குகிற இரும்புக் கம்பியில் ஒரு துண்டு வெட்டிக்கொண்டு வந்தார். நசுக்கிப் பார்த்தார். பாஸ்! பியூஸ் கட்டையில் மாட்டினார்.

மாலையில் காவேரிப்பாக்கத்து நெல் மில்காரர் சுப்பராயன் மனைவியோடும் மகனோடும் வந்து சேர்ந்தார். விசிறி சுற்றியது, விளக்கு எரிந்தது, பால் சூடேறியது, பியூஸ் அசைந்து கொடுக்கவில்லை. ராமலிங்கம் மீசையைத் தடவிக்கொண்டிருந்தபோது, இரும்புக் கம்பி வாங்க மறுத்த அடியையெல்லாம் சுவரில் ஓடிய ஒயர் வாங்கிக்கொண்டிருந்தது. அதை மூடியிருந்த மரச்சட்டம் புகைந்தது. ரப்பர் கருகிய நாற்றத்தில், தோல் நாற்றத்துக்கே பழகிய தெரு மூக்கைப் பிடித்தது.

"இன்னாங்க, செவுரு எரியுது!" என்று அலறினாள் மனைவி அமிர்தவள்ளி.

ஆண்பிள்ளைகள் எல்லோரும் அதற்குள் தெருவில் இருந்தார்கள், மாப்பிள்ளை முதல் ஆளாக. சுந்தரிதான் பட்டுப்புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு ஓடி மெயின் சுவிட்சை அணைத்தாள். மண்ணை வாரி நெருப்பின் மேல் அடித்தாள்.

ராமலிங்கம் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு நின்றார். பெண்ணின் வாழ்வைத் தன் கையாலேயே கெடுத்துவிட்டோமே என்று அவருக்குக் கண் கலங்கிவிட்டது. சுப்பராயன் உள்ளே போனார். பியூஸ் கட்டையைக் கழற்றினார். கம்பியை இரண்டு விரலால் நசுக்கினார்.

"எங்க மில்லுல இதவிடத் தடியா போட்டிருக்கேன். நீங்க கம்மியா போட்டுட்டீங்க, சம்பந்தி!"

சம்பந்தி! இருவரும் கட்டித் தழுவிக்கொண்டார்கள். புகை அடங்குவதற்குள் தாம்பூலம் மாற்றியாகிவிட்டது. சுந்தரி மட்டும் அம்மாவின் காதோடு சொன்னாள்: "அவங்க வூட்ல மெயினு எங்க இருக்குதுன்னு இப்பவே கேட்டு வச்சுக்கோம்மா."

சிரிக்கிறீர்களா? நன்றாகச் சிரியுங்கள். ஆனால் இந்தப் பக்கத்தைப் புரட்டப்போகிற சாக்கில், தாளை இரண்டு விரலுக்கு நடுவே பிடித்து மெள்ள நசுக்கிப் பார்க்கிறீர்களே, அது எதற்கு?