குமாஸ்தாவைக் கொன்ற வக்கீல்

சேலம் மாவட்டத்தில் என்னைப் போல் அதிக முறை கொலையானவன் வேறு யாரும் இருக்க முடியாது. எட்டு வருடத்தில் பதினோரு தடவை. கொன்றவர் ஒரே ஆள்தான், அஸ்தம்பட்டியில் ஆபீஸ் வைத்திருக்கும் வக்கீல், ஊரே 'ஒத்திகை வக்கீல்' என்று கூப்பிடுகிறவர். பத்திரிகைக்கு எழுத வருவதற்கு முன்பு நான் அவருடைய குமாஸ்தா.

திருச்செங்கோட்டுப் பக்கத்து மனிதர். கொலைக் கேஸ் மட்டும்தான் எடுப்பார். போலீஸ் சொல்லும் கதையை ஒரு தடவை நடத்திப் பார்க்காமல் கோர்ட் படி ஏற மாட்டார்.

"கண்ணுல பாத்த சாட்சி இல்லீன்னா, சந்தர்ப்பத்த வெச்சுத்தான் நிரூபிக்கோணும் சாமி. சங்கிலியாட்டம் ஒரு கண்ணி உடாம வரோணும். வருதான்னு செஞ்சு பாத்தாத்தான தெரியும்?" என்பார்.

செய்து பார்க்கப் பிணம் வேண்டுமே! எழுபத்தெட்டு கிலோ எடையில் நான் சும்மாதானே உட்கார்ந்திருந்தேன்.

ஓமலூர் கேஸில், எங்கள் கட்சிக்காரர் பிணத்தைச் சாக்கில் கட்டி மொபெட்டில் வைத்துத் தனியாளாகக் கொண்டு போனார் என்பது குற்றச்சாட்டு. கேஸ் கட்டு கைக்கு வந்த மறுநாள் காலை நான் சாக்குக்குள் இருந்தேன். மூச்சு விட இரண்டு ஓட்டை போட்டுக் கொடுத்திருந்தார், அந்த மட்டுக்கும் நல்ல மனசு. ஏற்காடு ரோட்டில் டிராஃபிக் போலீஸ்காரர் கையைக் காட்டினார்.

"மூட்டையில என்னா சார்?"

"குமாஸ்தாங்க."

உள்ளே இருந்தபடி நானும் மரியாதைக்கு "வணக்கம் சார்" என்றேன். போலீஸ்காரர் வாயிலிருந்த விசில் கீழே விழுந்தது. அடுத்த வேகத்தடையில் வக்கீல், மொபெட், பிணம் மூன்றும் மூன்று பக்கம் விழுந்தோம். "பாத்தயா சாமி, தனியாளாக் கொண்டு போவ முடியாது!" என்று ரோட்டில் கிடந்தபடியே கை தட்டினார். எனக்கு முட்டி பெயர்ந்தது. கட்சிக்காரருக்கு விடுதலை கிடைத்தது.

அவரையே ஆட்டிப் பார்த்தது வாழப்பாடிப் பக்கத்துக் கேஸ். கூலி வேலை செய்யும் ஒரு பெண். புருஷன் மரவள்ளிக் காட்டில் மண்டை உடைந்து செத்துக் கிடந்தான். வீட்டில் குழவிக்கல்லால் அடித்து, காடு வரைக்கும் இவளே இழுத்துப் போய்ப் போட்டாள் என்றது போலீஸ். முதல் நாள் சண்டை போட்ட சத்தத்தைப் பக்கத்து வீட்டுக்காரர் கேட்டிருந்தார். "புருசன் பொண்டாட்டி சண்டையெல்லாம் கொலைக்குச் சாட்சின்னா, நானெல்லாம் கல்யாணமான வருசமே செத்திருக்கோணும்" என்று வக்கீல் அதை ஒதுக்கிவிட்டார். ஒதுக்க முடியாதது வாக்குமூலம். அவளே வி.ஏ.ஓ.விடம் போய்க் குற்றத்தை ஒப்புக்கொண்டதாக ஆறு பக்கம். போலீஸிடம் ஒப்புக்கொண்டால் கோர்ட்டில் செல்லாது, வி.ஏ.ஓ.விடம் என்றால் எடுபடும். அதனாலோ என்னவோ, எங்கள் பக்கத்துக் கொலைகாரர்களுக்கு மனசாட்சி உறுத்தினால் கால் தானாக வி.ஏ.ஓ. ஆபீஸுக்குத்தான் நடக்கும்.

ஜெயிலில் அந்தப் பெண் சொன்னாள்: "நான் யார்கிட்டயும் எதுவும் சொல்லல சார். வெக்கச் சொன்ன எடத்துல கைநாட்டு வெச்சேன், அவ்ளோதான். என் பொண்ணு ஆறாவது படிக்குது, எங்க அக்கா வீட்ல இருக்குது. அம்மா எப்ப வரும்னு கேக்குதாம். என்னான்னு சொல்லட்டும்?"

தோற்றால் ஆயுள் தண்டனை. வக்கீல் ஜெயில் வாசல் வரைக்கும் மூக்கைச் சிந்திக்கொண்டே வந்தார்.

நாற்பத்தைந்து கிலோ பெண் என்னைப் போல் கனமான புருஷனை இழுத்திருக்க முடியாது என்பதுதான் அவர் நம்பியிருந்த வாதம். வக்கீல் வீட்டம்மாவும் நாற்பத்தைந்து கிலோதான். நான் கூடத்தில் செத்துப் படுத்தேன். அம்மா அடுப்பைக் குறைத்துவிட்டு வந்து, முந்தானையைச் செருகிக்கொண்டு, என் இரண்டு காலையும் பிடித்தார். கூடம், சமையலறை, பின்வாசல் நிலைப்படி, அங்கே என் மண்டைக்கு இரண்டு இடி, அப்புறம் துணி துவைக்கும் கல். மூச்சுகூட வாங்கவில்லை.

"ஏனுங்க, இன்னும் எங்கியாச்சும் இழுக்கோணுங்களா? கொழம்பு அடிப்புடிக்குது."

வக்கீலுக்கு முகம் வெளுத்துவிட்டது. அந்த வாதத்தைக் குறுக்கே கோடு போட்டு அடித்தார். அன்று முழுக்க மனைவியிடம் கொஞ்சம் தள்ளி நின்றே பேசினார்.

மிச்சம் இருந்தது வாக்குமூலம்தான். அதற்கும் ஒத்திகை. அவர் அழுதுகொண்டே சொல்ல வேண்டும், நான் எழுத வேண்டும். நடிப்பார் என்று பார்த்தால் முதல் பக்கத்திலேயே நிஜமாக அழுதுவிட்டார். ஆறு பக்கம் முடிய இரண்டு மணி நேரம் ஆனது. கண்ணைத் துடைத்துக்கொண்டு கேஸ் கட்டைப் புரட்டியவர், ஓர் இடத்தில் விரலை வைத்துச் சிரிக்க ஆரம்பித்தார்.

கோர்ட்டில் வி.ஏ.ஓ.விடம் அத்தனை பணிவாகக் கேட்டார்.

"அந்தம்மா எத்தன மணிக்கு வந்தாங்க?"

"பத்து மணிக்கு சார்."

"எட்டு கிலோமீட்டர் தள்ளி ஸ்டேஷன்ல ஒப்படச்சது?"

"பத்தரைக்கு."

"பூராவும் கேட்டு, உங்க கையால எழுதி, படிச்சுக் காட்டித்தான ரேகை வாங்குனீங்க?"

"ஆமா சார், முறைப்படி."

"அழுதிருப்பாங்களே, பாவம்."

"ரொம்ப அழுதாங்க சார். தண்ணி கூடக் குடுத்தேன்."

"பெரிய மனசுங்க" என்றவர், நீதிபதி பக்கம் திரும்பினார். "நான் வாசிக்கறனுங்க, சாட்சி எழுதட்டும்."

அரசு வக்கீல் குதித்தார். நீதிபதி கடிகாரத்தைப் பார்த்துவிட்டு அரை மணி நேரம் கொடுத்தார். இவர் அழவில்லை, தண்ணீரும் கேட்கவில்லை, மளமளவென்று வாசித்தார். அரை மணி முடிந்தபோது வி.ஏ.ஓ. இரண்டாம் பக்கத்தின் நடுவில் விரலை உதறிக்கொண்டிருந்தார்.

"இன்னும் எட்டு கிலோமீட்டருக்குப் பஸ்ஸு வேற புடிக்கோணுமுங்களே" என்றார் வக்கீல் கவலையோடு. நீதிபதி கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

தீர்ப்பு நாளன்று சிங்கம் போல் வருவார் என்று எதிர்பார்த்தேன். கேஸ் கட்டை எடுத்துக் கொடுக்கப் பக்கத்தில் போன என் கையைப் பிடித்துக்கொண்டார். அவர் கை ஜில்லென்று இருந்தது.

"சாமி, நாம எதயாச்சும் உட்டுட்டமா?"

"இல்லீங்க ஐயா."

வாக்குமூலத்தை நம்ப முடியவில்லை, சங்கிலி அறுந்துவிட்டது, விடுதலை என்று வாசித்தார் நீதிபதி. கூண்டில் நின்றவள் ஒன்றும் புரியாமல் எங்களைப் பார்த்தாள். அவர் ஒரு கையால் மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தார். நான்தான் சொன்னேன்: "பொண்ணப் போய்ப் பாரும்மா." அவள் அப்படியே உட்கார்ந்து அழுதாள்.

அடுத்த கேஸைக் கூப்பிட்டுவிட்டார்கள். கோர்ட்டையே கலக்கும் மனிதர் ஒவ்வொரு தீர்ப்புக்கும் இப்படித்தான் பயந்து செத்திருக்கிறார் என்பது எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. அவர் மேல் அப்படியொரு பிரியம் பொங்கிக்கொண்டு வந்தது. படி இறங்கி வாசலுக்கு வந்த பிறகும் அவர் என் கையை விடவில்லை. நானும் விடச் சொல்லவில்லை.