மூன்றாவது வாரத்து மூக்கு

மூக்கு உரிந்துகொண்டிருந்தது. கன்னங்கள் இரண்டும் மிளகாய்ப் பழமாகச் சிவந்திருந்தன. தோல் மருத்துவமனையில் வரவேற்பு மேஜைக்காரிக்கு இதைவிட வேறு கேடு வேண்டுமா?

இப்படி உரிய வைத்த களிம்பைக் கொடுத்தது அவளுடைய டாக்டரேதான். "மூணு வாரம் சிவக்கும், உரியும். அப்புறம் பளிச்சுனு ஆயிடும். யார் என்ன நினைச்சா என்ன? ஒளிஞ்சுக்காதீங்க, நிமிர்ந்து நடங்க" என்று முகமூடிக்குள்ளிருந்து உபதேசம் செய்ததும் அவரே.

அவள் நிமிர்ந்துதான் உட்கார்ந்திருந்தாள். டோக்கன் வாங்க வந்த ஓர் அம்மாள் அவள் முகத்தைப் பார்த்தாள், டாக்டரின் பெயர்ப்பலகையைப் பார்த்தாள், வந்த வழியே போய்விட்டாள்.

டாக்டர் கதவை ஒரு சாண் திறந்தார். "கொஞ்சம் பவுடர் போட்டுக்கங்களேன்."

போட்டாள். உரிந்த இடத்திலெல்லாம் பவுடர் திட்டுத்திட்டாக அப்பிக்கொண்டு, பாதி சுண்ணாம்பு அடித்த சுவர் மாதிரி ஆனது. ஒரு குழந்தை வீறிட்டது.

கதவு மறுபடி திறந்தது. "முகமூடி போட்டுக்கங்க."

அதையும் போட்டாள்.

"தொத்து வியாதியாம்மா?" என்று கேட்டுவிட்டு, பெஞ்சில் இருந்த பெரியவர் இரண்டு இடம் தள்ளி உட்கார்ந்தார்.

அவளுக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. முகமூடியைக் கழற்றி எறிந்தாள். ஓர் அட்டையில் கொட்டை எழுத்தில் எழுதி மேஜைமேல் நிறுத்தினாள்: 'இது நோய் அல்ல. நம் டாக்டர் கொடுத்த மருந்து.'

படித்த மூன்று பேர் ஒன்றாக எழுந்து போனார்கள்.

இந்த முறை டாக்டர் வெளியே வந்தார். முகமூடியைக் கண்வரை இழுத்துவிட்டுக்கொண்டு, "ஒரு வாரம் ஃபைல் ரூம்ல உட்காருங்க. உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன்" என்றார்.

"நிமிர்ந்து நடங்கன்னு சொன்னது யாரு டாக்டர்?"

"நடங்க. ஃபைல் ரூம் வரைக்கும்."

ஊருக்குத்தான் உபதேசம். அழுதுகொண்டு வந்த எத்தனை பேருக்கு, 'சரியாயிடும், கவலைப்படாதீங்க' என்று அதே மேஜையிலிருந்து ஆறு வருஷமாகத் தைரியம் சொன்னவள் அவள். அவளுக்கே அலமாரிக்குப் பின்னால் இடமா?

ஃபைல் அறையில் ஒரே ஒரு நாற்காலி இருந்தது. அதில் பொத்தென்று உட்கார்ந்து ராஜினாமாக் கடிதம் எழுதத் தொடங்கினாள். 'நான் யாருக்காகவும் ஒளிய மாட்டேன்' என்பது முதல் வரி.

கூட்டிப் பெருக்கும் அக்கா துடைப்பத்தோடு உள்ளே வந்து, அவளைப் பார்த்து அப்படியே நின்றாள்.

"அட, இந்த நாற்காலியை உனக்கே விட்டுக்கொடுத்துட்டாரா? பத்து நாளா டாக்டர் இங்க ஒளிஞ்சு உட்கார்ந்துதானே முகமூடியைக் கழட்டிச் சாப்பிடறாரு. அதே மருந்தைப் போட்டு அவர் மூக்கு உன்னைவிட மோசமா உரிஞ்சு கிடக்குது, பாவம்."