மூன்றாம் சரணம்

நவம்பர் ஒன்பதாம் தேதி, சனிக்கிழமை, பிற்பகல் இரண்டு இருபதுக்கு, நெடுஞ்சாலையின் நாற்பதாவது கிலோமீட்டர் கல்லுக்கு அருகே பேருந்தின் பின்சக்கரம் வெடித்தது. பயணிகள் முப்பத்தொரு பேர். டயர் மாற்றக் கைகொடுத்தவர் ஒருவர்தான். வெள்ளைச் சட்டை போட்டிருந்தவரும் அவர் ஒருவர்தான்.

பதினெட்டு வருடமாக ஊர் ஊராகப் போய், ஆலயங்களிலும் ஆஸ்பத்திரிகளிலும் கன்வென்ஷன் பந்தல்களிலும் பாடி வருபவர் அவர். பாட்டுக்காரர் என்றுதான் எல்லோரும் கூப்பிடுவார்கள். அன்று மாலை ஐந்து மணிக்கு ஒரு பெரிய சபையில், பாடகர் குழுத் தலைவர் வேலைக்கு அவரைப் பாடவைத்துப் பார்ப்பதாக இருந்தார்கள். நிரந்தர வேலை. வளாகத்துக்குள்ளேயே வீடு.

காலையில் மனைவி வாசலில் நின்று சொல்லி அனுப்பியிருந்தாள்.

“இந்த வருஷம் நீங்க நம்ம வீட்ல தூங்கினது நாப்பத்தாறு ராத்திரி. போன மாசம் சின்னவ உங்களைப் பாத்துட்டு, ‘அம்மா, கெஸ்ட் வந்திருக்காங்க’ன்னா. இந்த வேலை கிடைக்காம வந்து நின்னீங்கன்னா, நானும் ‘ஸ்தோத்திரம் பிரதர், யாரைப் பாக்கணும்’னுதான் கதவைத் திறப்பேன்.”

இப்போது வலது கையிலிருந்து இடுப்பு வரை சட்டையில் கிரீஸ்.

“பெட்ரோல் போட்டுத் தேய்ங்க சார், பறந்துடும்” என்றார், பழுதுபார்க்க வந்த மெக்கானிக்.

கறை பறக்கவில்லை, பரவியது. சோப்புத்தூள் போட்டார்கள். கறுப்பு நீலமாயிற்று, முதுகுப் பக்கமும் போய்ச் சேர்ந்தது. மெக்கானிக்குக்குக் கொஞ்சம் மனசாட்சி இருந்தது. வண்டியிலிருந்து தன்னுடைய மாற்றுச் சட்டையை எடுத்துக் கொடுத்தார். கருநீலம். பாக்கெட்டில் ஸ்பானர் படம். முதுகில் பெரிய எழுத்தில், ‘சகல பழுதும் நீக்கப்படும்.’

“கோயிலுக்குத்தானே போறீங்க? வசனம் மாதிரியே இருக்கு சார், போட்டுக்கோங்க.”

ஐந்துக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது பாட்டுக்காரர் சபையின் வாசலில் இறங்கினார். காவலாளி அவருடைய சட்டையை முன்னும் பின்னும் படித்தார்.

“வாங்க வாங்க. நேரா பழைய கோயிலுக்குப் போங்க. டீச்சரம்மா மத்தியானத்திலேருந்து உங்களுக்காகத்தான் உட்கார்ந்திருக்காங்க.”

பின்னால் டை கட்டி, தோல்பையோடு ஒருவர் வந்தார். அவருக்குக் காவலாளி சல்யூட் வைத்து, “புது ஹாலுக்குப் போங்க சார், கமிட்டி எல்லாம் வந்தாச்சு” என்பது காதில் விழுந்தது. போட்டிக்கு ஆள் உண்டா? பாட்டுக்காரர் நடையை எட்டிப் போட்டார்.

பழைய கோயிலில் காத்திருந்தவர் ஓய்வுபெற்ற தலைமையாசிரியை. மடியில் குடை, அருகே தோல் துருத்தியைக் காலால் மிதித்து வாசிக்கும் ஒரு பெடல் ஆர்கன்.

“உட்காருங்க பிரதர். வாசிங்க.”

வணக்கம் சொல்லக்கூட நேரம் தரவில்லை. பாட்டுக்காரர் பெடலை மிதித்து, ஒரு துதிப்பாடலைத் தொடங்கினார்.

“நீங்க எதுக்குப் பாடறீங்க?”

“பாடாம எப்படிம்மா?”

“சரி, உங்க பழக்கம் போல. பாடுங்க.”

இரண்டு வரி போனது.

“நிறுத்துங்க. நடுவுல ஒரு முனகல் வருதே, கேட்டுச்சா?”

“அது உருக்கம்மா.”

“எனக்கு உருக்கமெல்லாம் வேணாம். அது போகணும்.”

அந்த உருக்கத்தைக் கேட்டுப் பந்தல் பந்தலாக அழுதிருக்கிறார்கள். பாட்டுக்காரர் குரலை உயர்த்தி இன்னொரு பாட்டுக்குத் தாவினார்.

“மேல போகப் போக மூச்சு வாங்குது” என்றார் தலைமையாசிரியை.

“பஸ்ல வந்த அலுப்பும்மா. கொஞ்சம் தண்ணி குடிச்சா சரியாயிடும்.”

“தண்ணியா! உள்ள இருக்கிற தோல் ஊறிப்போயிடாது?”

இப்படி ஒரு கண்டிப்பான அம்மாவைப் பாட்டுக்காரர் எந்த ஊரிலும் பார்த்ததில்லை. மூச்சு வாங்கவில்லை என்று காட்டிவிட வேண்டியதுதான் என முடிவுசெய்து, வேகமான பாட்டொன்றை எடுத்து, இரண்டு கால்களாலும் ஓங்கி மிதித்தார். ஆர்கனுக்குள் ‘டப்’ என்று ஏதோ அறுந்தது. பெடல் தரையோடு படுத்துக்கொண்டது.

தலைமையாசிரியை கைப்பையைத் திறந்து, ஒரு ஸ்க்ரூடிரைவரை எடுத்து நீட்டினார்.

“இனி கழட்டித்தான் பாக்கணும். ம், ஆரம்பிங்க.”

பாட்டுக்காரர் அதை வாங்கிப் பார்த்தார். ஆர்கனைப் பார்த்தார். அப்புறம் தன் பாக்கெட்டில் இருந்த ஸ்பானர் படத்தைக் குனிந்து பார்த்தார்.

“அம்மா, நான் ரிப்பேர் பண்ற ஆள் இல்ல. பாட வந்தவன்.”

“முதுகு நிறைய எழுதிப் போட்டுக்கிட்டு வந்து, இல்லைங்கறீங்களே!”

சுவர்க் கடிகாரத்தில் ஐந்து இருபத்தைந்து. அவர் ஓட ஆரம்பித்தார்.

“பெடலை உடைச்சிட்டு ஓடறான்! பிடிங்க!” என்று பின்னால் சத்தம் கேட்டது.

புது ஹாலின் படியில் கால் வைத்தவர் அப்படியே நின்றுவிட்டார். உள்ளே யாரோ பாடிக்கொண்டிருந்தார்கள். சாதாரணக் குரல்தான், அங்கங்கே சுருதி விலகியது. ஆனால் அது அவர் கட்டிய பாட்டு. அச்சில் வந்ததில்லை, யாரும் பதிவு செய்ததுமில்லை.

பாட்டு முடிந்தது. கைதட்டல் இல்லை. மூக்குச் சிந்தும் சத்தம் மட்டும் கேட்டது. கதவைத் திறந்துகொண்டு, டை கட்டியவர் வியர்த்து வழிய வெளியே வந்தார். பாட்டுக்காரரின் சட்டையைப் பார்த்ததும், தொலைந்துபோன உடன்பிறப்பைக் கண்டதுபோல் கையைப் பிடித்துக்கொண்டார்.

“அண்ணே, நம்ம தொழிலா நீங்க? என்னைக் காப்பாத்துங்க. ஆர்கன் பாக்கக் கம்பெனியிலேருந்து அனுப்பின ஆள் நான். அதைச் சொன்னா, ‘என்ன தாழ்மை பாருங்க’ன்னு சிரிக்கறாங்க. பாடியே ஆகணும்னுட்டாங்க. எனக்குத் தெரிஞ்சது ஒரே பாட்டு.”

“அது எங்க கத்துக்கிட்டீங்க?” பாட்டுக்காரர் அவர் கையை விடாமல் கேட்டார்.

“அஞ்சு வருஷமாச்சு. எங்கம்மாவை ஆஸ்பத்திரியில சேர்த்திருந்தோம். நாலு நாளா கண்ணே திறக்கல. யாரோ ஒருத்தர் வார்டுக்குள்ள வந்து பாடினார். அம்மா திறந்தாங்க அண்ணே, கண்ணை! அவங்களையே பாத்துட்டிருந்ததுல, பாடினவர் முகம்கூட மனசுல நிக்கல. அப்புறம் ரெண்டு மாசம் இருந்தாங்க. அந்த ரெண்டு மாசமும் எங்க வீட்ல அந்தப் பாட்டுத்தான், பாடிப் பாடி எனக்கே மனப்பாடம் ஆயிடுச்சு. மூணாவது சரணத்துல ஒரு வரியைப் பாடாம, ‘ம்ம்...’னு இழுத்தார் அவர். நானும் அப்படியே இழுத்தேன். அங்கதான் உள்ள எல்லாரும் உடைஞ்சு போனாங்க.”

பாட்டுக்காரருக்கு அந்த வார்டு ஞாபகம் வந்தது, வரியை விட்டதும் ஞாபகம் வந்தது. மூன்றாம் சரணத்தில் ஜன்னல் வழியாகப் பார்த்தபோது, அவர் போகவேண்டிய பேருந்து, கூரைமேல் அவருடைய பெட்டியோடு கிளம்பிக்கொண்டிருந்தது. ‘ம்ம்’ போட்டுக்கொண்டே பேருந்தின் எண்ணைப் படித்ததில் வரி போய்விட்டது.

‘அது நான்தான்’ என்று சொல்ல வாயைத் திறந்தார். அதற்குள் குடையை ஓங்கியபடி தலைமையாசிரியையும், பின்னாலேயே காவலாளியும் வந்து சேர, கமிட்டி ஆறு பேரும் வெளியே வந்துவிட்டார்கள். ஆளாளுக்குச் சத்தம் போட்டு ஓய்ந்தபோது, யார் யாராக வந்தார்கள் என்பதும், டை கட்டியவர் ஆஸ்பத்திரியில் அந்தப் பாட்டைக் கற்ற கதையும் எல்லோருக்கும் விளங்கிவிட்டன.

செயலாளர் கையை உயர்த்தினார். “நியாயம்னு ஒண்ணு இருக்கு. விண்ணப்பம் போட்டவர் இவர். ஒரே பாட்டை ரெண்டு பேரும் பாடினாத்தான் ஒப்பிட முடியும். பிரதர், இப்ப அவர் பாடின பாட்டு உங்களுக்குத் தெரியுமா?”

“கொஞ்சம் தெரியும்” என்றார் பாட்டுக்காரர். எல்லோரும் ஹாலுக்குள் போனார்கள்.

பாடினார். பதினெட்டு வருடத்தில் அவர் அவ்வளவு நன்றாகப் பாடியதில்லை. மூன்றாம் சரணத்தில், அன்று விட்டுப்போன வரியை ஒரு எழுத்துக்கூடப் பிசகாமல் பாடினார். ஐந்து வருடம் கழித்தாவது வார்டில் கண் திறந்த அந்த அம்மாவுக்கு அதைக் கொடுத்துவிட வேண்டும் என்றிருந்தது அவருக்கு. மூலையில் நின்ற ரிப்பேர்காரர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார்.

ஆறு பேரும் தலைகளைச் சேர்த்து வைத்துப் பேசினார்கள். பாட்டுக்காரர் கைகட்டி நின்றார். ஜன்னலுக்கு வெளியே, வேலைக்கு வருபவருக்கான வீடு தெரிந்தது. இரண்டு அறை, பச்சைக் கதவு. சின்னவள் எட்டிப்பார்க்க வசதியாக ஜன்னல் தாழ்வாக இருந்தது.

கமிட்டியின் மூத்த உறுப்பினர் எழுந்து வந்து, மிகவும் பரிவோடு அவர் தோளில் கை வைத்தார்.

“நல்ல குரல் பிரதர், குறை சொல்ல ஒண்ணுமில்ல. ஆனா வேலையை அவருக்கே குடுத்துடலாம்னு ஏகமனசா முடிவு பண்ணிட்டோம். வருத்தப்படாதீங்க. இந்தப் பாட்டைக் கட்டின மனுஷன், அந்த மூணாவது சரணத்துல அழுகை முட்டி, வார்த்தை வராம நின்னிருக்கார். ஆர்கன் ரிப்பேர் பண்றவருக்கே அது புரிஞ்சிருக்கு. உங்களுக்குத்தான் இன்னும் புரியல.”