சீல் குத்திய பரலோக மந்திரம்

ஜிஎஸ்டி ரோட்டில் படுத்திருந்த மாட்டை லத்தீன் மொழியில் பேசி எழுப்பி அனுப்பிய ஒரே மனிதர், எனக்குத் தெரிந்து, எங்கள் லத்தீன் சார்தான். சாத்தானை விரட்டும் வாசகமாம். மாடும் எழுந்து போனது. "பாத்தீங்களா? தமிழ்ல சொல்லியிருந்தா அசைஞ்சிருக்குமா?" என்றார். பின்னாலிருந்த லாரிக்காரர் விடாமல் ஹாரன் அடித்ததை அவர் கணக்கில் சேர்க்கவில்லை.

இரண்டாயிரமாவது ஆண்டைத் தாண்டிய புதிது. மறைமலை நகரில் கார் உதிரிபாகம் செய்யும் ஒரு கம்பெனியில் எங்கள் இருவருக்கும் வேலை. சிட்லபாக்கத்திலிருந்து ஒரே கம்பெனி பஸ்ஸில் போவோம். சர்ச்சில் பூசையெல்லாம் லத்தீனில் நடந்த காலத்தில், சாமியாருக்கு உதவியாகப் பீடச் சிறுவனாக நின்றவர் அவர். பூசை தமிழுக்கு வந்துவிட்டது, அவர் வரவில்லை. "அர்த்தம் தெரியுமா சார்?" என்று ஒருமுறை கேட்டுவிட்டேன்.

"அர்த்தம் தெரிஞ்சா பயம் போயிடும் சார்."

ஒரு நாள் பஸ் ஸ்டார்ட் ஆகவில்லை. இவர் என்ஜின் பக்கம் குனிந்து என்னமோ லத்தீனில் முணுமுணுத்தார், கிளம்பிவிட்டது. அன்றிலிருந்து டிரைவர் இவர் ஏறாமல் சாவியைத் தொடமாட்டார். "இன்னா சார், லத்தீன் சார் இன்னும் வர்ல? அவரு மந்திரம் போடாம எட்த்துகினு போனா நடுரோட்ல பேஜாராயிடும்" என்பார். எங்கள் வருகைப் பதிவே இந்த மனிதரின் வாயில் தொங்கியது.

கம்பெனியில் இவருக்கு இன்ஸ்பெக்‌ஷன் வேலை. டிராயிங்கில் 'அப்ரூவ்டு' சீல் இல்லையென்றால் எந்தப் பாகத்தையும் அளக்கமாட்டார், முதலாளியே வந்து நின்றாலும் சரி. பைபிளுக்கும் அதே சட்டம். "புதிய ஏற்பாட்டை முதல்ல கிரேக்கத்துலதானே சார் எழுதினாங்க?" என்று வாயைக் கிளறினேன்.

"எழுதட்டுமே. டிசைன் பண்றவன் ஆயிரம் கிறுக்குவான். திருச்சபை சீல் குத்தினது லத்தீன் காப்பிக்கு. வேலை செய்ற இடத்துல சீல் குத்தின காப்பிதான் சார் செல்லும்."

இப்படிப்பட்டவருக்கு ஒரே மகள், ரீட்டா. தாயில்லாத பெண். அவள் கிழக்குத் தாம்பரத்துப் பையன் ஒருவனை விரும்பினாள். இவர்கள் கத்தோலிக்கர், பையன் புராட்டஸ்டண்ட். ஆச்சரியம், அதை லத்தீன் சார் ஏற்றுக்கொண்டார். ஆனால் விதி பையனின் அப்பா உருவில் வந்தது. ஓய்வுபெற்ற வாத்தியார். பொழுது போகாமல் வீட்டில் உட்கார்ந்து கிரேக்கம் படித்திருந்தார்.

பெண் பார்க்க வந்தார்கள். உறவுக்காரன் கணக்கில் நானும் பஜ்ஜித் தட்டுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். தொடங்குமுன் எல்லோரும் சேர்ந்து, இயேசு கற்றுக்கொடுத்த ஜெபமான பரலோக மந்திரம் சொன்னார்கள். தீமையிலிருந்து காப்பாற்றச் சொல்லும் இடம் வந்ததும் லத்தீன் சார் ஓங்கி "ஆமென்!" போட்டார். வாத்தியாரோ நிறுத்தாமல், 'ராஜ்யமும் வல்லமையும்' என்று அவர்கள் வழக்கப்படி அடுத்த வரிக்குப் போனார்.

"ஜெபம் முடிஞ்சுது சார்."

"இன்னும் ஒரு வரி இருக்குங்க. கிரேக்கத்துல இருக்கு."

"லத்தீன்ல இல்ல. உங்க வரிக்கு சீல் இருக்கா?"

"கடவுள் வார்த்தைக்கு எதுக்குய்யா சீல்?"

அவ்வளவுதான். பஜ்ஜி ஆறியது, கல்யாணமும் ஆறியது. அவர்கள் போனதும் ரீட்டா கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்தாள். "அப்பா, நான் கட்டிக்கப் போறது அவங்க பையனை. கிரேக்கத்தை இல்ல." மறுநாள் இவர் பஸ்ஸுக்கு மந்திரம் போடவில்லை. டிரைவர் என்னைப் பார்த்த பார்வையை நான் மறக்கமாட்டேன்.

ஒருவழியாக இரண்டு அப்பாக்களையும் கெஞ்சிக் கூத்தாடி, லத்தீன் சார் போகும் சர்ச்சின் பங்குச் சாமியாரிடம் தீர்ப்புக்கு அழைத்துப் போனேன். இளம் வயது, நிறையப் படித்தவர். "சார், திருச்சபையே கிரேக்க மூலத்தைப் பாத்து மொழிபெயர்க்கச் சொல்லி ரொம்ப வருஷமாச்சு" என்று லத்தீன் சாரிடம் ஆரம்பித்தார். "அந்த வரியையும் ஞாயித்துக்கிழமை பூசையில, நான் நடுவுல ஒரு ஜெபம் சொல்லி முடிச்சதும், நீங்கதான் எல்லாரையும் விட சத்தமா சொல்றீங்க."

வாத்தியார் மீசையைத் தடவிக்கொண்டார். சாமியார் அவர் பக்கம் திரும்பி, "ஐயா, கிரேக்கத்துலயும் ரொம்பப் பழைய பிரதிகள்ல அந்த வரி கிடையாது" என்றார்.

இருவரும் விறுவிறுவென்று வெளியே வந்தார்கள். கல்யாணம் இத்தோடு காலி என்றே நினைத்தேன். டீக்கடையில் லத்தீன் சார் மெல்ல வாயைத் திறந்தார். "நேத்து சாமியாரான பையன். இவருக்கு என்ன தெரியும்?"

"அதானே சம்பந்தி!" என்றார் வாத்தியார்.

அந்த ஒரு வார்த்தையில் கல்யாணம் நிச்சயமாகிவிட்டது. பொது எதிரி கிடைத்த பிறகு இருவரையும் பிரிக்க முடியவில்லை.

கல்யாண மண்டபத்தில் விருந்துக்கு முன் ஜெபம். அந்த இடம் வந்தது. வாத்தியார் சம்பந்திக்காக விட்டுக்கொடுத்து, கணீரென்று "ஆமென்" சொல்லி நிறுத்திக்கொண்டார். அவர் ஆட்களும் நிறுத்திக்கொண்டார்கள். மண்டபமே அமைதி. அந்த அமைதியில் ஒரே ஒரு குரல் மட்டும் கரகரத்துக்கொண்டு 'ராஜ்யமும் வல்லமையும்' என்று அடுத்த வரிக்குப் போனது.

லத்தீன் சார். கண்ணை இறுக மூடிக்கொண்டு, தன்னந்தனியாகக் கடைசிவரை சொல்லி முடித்தார். ரீட்டா அழுதுகொண்டே சிரித்தாள்.

முதலாளிக்கே மசியாத மனிதர், மகளுக்காக ஒரு வரியை சீல் பார்க்காமல் பாஸ் பண்ணிவிட்டார். எனக்கு லத்தீனும் தெரியாது, கிரேக்கமும் தெரியாது. ஆனால் அந்த ஜெபம் எங்கே காதில் விழுந்தாலும் அவருக்காக அந்தக் கடைசி வரிவரை காத்திருக்கிறேன்.